பன்னிரண்டாவது வரி

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான். அங்கே வாத்தியாரிடம் 'வூ' என்றுதான் பேச வேண்டும். அதாவது நீங்கள். தவறிப்போய் 'த்யூ', அதாவது நீ, என்று சொல்லிவிட்டால் பெஞ்சு மேல் ஏற வேண்டியதுதான். நான் ஒருநாளும் ஏறியதில்லை. அந்தப் பெருமையைக் கட்டிக்கொண்டு அறுபதுகளின் கடைசியில் ஆராய்ச்சிக்காக ஜெர்மனி போனேன்.

மியூனிக்கிலிருந்து கார்ஹிங் ஆய்வுக்கூடத்துக்கு பஸ். வழியெல்லாம் வயல். என் அறையின் எதிர் மேஜையில் லியோன் நகரத்துப் பெண் ஒருத்தி. எங்கள் இருவருக்கும் பிரெஞ்சு பேச அங்கே வேறு ஆளில்லை. "எங்கள் ஊர் நீதிபதிகள்கூட இவ்வளவு இலக்கணமாகப் பேச மாட்டார்கள்" என்று கிண்டல் செய்வாள். இப்போது தைரியமாக 'அவள்' என்று எழுதுகிறேன். அப்போது மனதுக்குள்கூட 'அவர்'தான்.

அவளுக்குத் தன் ஊர்க் கவிஞர் ஒருவர்மேல் பைத்தியம். அவருடைய ஒல்லியான புத்தகம் எப்போதும் கோட்டுப் பையில் இருக்கும். மதியம் கேன்டீனில் சூப் ஆறிப்போவதைக்கூடக் கவனிக்காமல் வாசித்துக் காட்டுவாள். அதில் பன்னிரண்டு வரிக் கவிதை ஒன்று. ஊருக்குப் போன மனைவியோடு ஒரு கணவன் மனதுக்குள் பேசுகிறான். குடையை மறந்துவிட்டுப் போனது, ஜன்னலைச் சாத்தியது என்று எல்லாம் வீட்டு விவகாரம்.

"இதைத் தமிழில் கேட்க வேண்டும்" என்றாள். ஒரு வாரம் மல்லுக்கட்டி மொழிபெயர்த்தேன். வாசித்தபோது, அர்த்தம் புரியாவிட்டாலும், கண்ணை மூடி ஒலியைக் கேட்டாள். முடிந்ததும், "கடைசி வரியில் மாறவே இல்லையே?" என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. பதினொரு வரியிலும் மனைவியை 'வூ' என்று அழைத்தவன், கடைசி வரியில்தான் 'த்யூ' என்கிறான். கவிதையே அவ்வளவுதான். நான் முதல் வரியிலிருந்தே 'நீ' போட்டு வைத்திருந்தேன்.

"உங்கள் மொழியில் இப்படி இரண்டு சொல் கிடையாதா?"

"இருக்கிறது. ஆனால் கவிதையில் காதலியையும் கடவுளையும் எடுத்த எடுப்பிலேயே நீ என்போம்." அசடு வழிந்ததை மறைக்கத்தான் இவ்வளவு விளக்கம்.

"எதிர் மேஜைக்காரியை?"

"நீங்கள். எப்போதும் நீங்கள்தான்" என்றேன், மரியாதை தெரிந்தவன் என்ற மிதப்போடு.

அவள் சிரித்துவிட்டு ஆறிப்போன சூப்பைக் கலக்கினாள்.

அவளை எனக்குப் பிடித்திருந்தது. ஏன் மென்று விழுங்க வேண்டும்? நேசித்தேன். 'வூ'விலிருந்து 'த்யூ'வுக்கு வருவது அவர்களிடையே எவ்வளவு பெரிய விஷயம் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் கூடத்து ஜெர்மன்காரர்கள்கூட பீர் கோப்பையை உயர்த்தி, இனிமேல் நாம் 'நீ' என்று அறிவித்துக்கொள்வார்கள். பக்கத்தில் நின்று கைதட்டியிருக்கிறேன். அப்படி நாமும் செய்வோமா என்று கேட்கத்தான் நாக்கு எழவில்லை.

வசந்தத்தில் அவளுடைய வேலை முடிந்தது. மியூனிக் ரயில் நிலையத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏறி உட்கார்ந்தவள் ஜன்னலை இறக்கி, "எனக்கு எழுதுவாயா?" என்றாள்.

த்யூ. இத்தனை மாதத்தில் முதல் தடவை. காதில் விழவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தெளிவாகவே விழுந்தது. பெஞ்சு மேல் ஏறாத அந்த நல்ல பிள்ளைதான் பதில் சொன்னான். "கட்டாயம் உங்களுக்கு எழுதுகிறேன்."

ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, "நன்றி. உங்கள் கடிதத்துக்குக் காத்திருப்பேன்" என்றாள். அவளும் 'வூ'வுக்குத் திரும்பிவிட்டாள்.

மூன்று கடிதம் எழுதினேன். மூன்றிலும் 'வூ'. அடுத்த வருடம் அவளுடைய கல்யாணச் செய்தியும் அதே மரியாதையோடு வந்தது. வாழ்த்து அனுப்பினேன். அதன் பிறகு எழுத இருவருக்கும் எதுவும் இருக்கவில்லை.

எழுபதுகளின் நடுவில், இன்னும் அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, அதே கேன்டீனில் உட்கார்ந்து, அந்தக் கவிதையை மறுபடி மொழிபெயர்த்தேன். பதினொரு வரி நீங்கள், பன்னிரண்டாவதில் நீ. மெல்ல வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். கடைசி வரி மாறுவது இப்போது நன்றாகவே கேட்டது. எதிரே யாரும் இல்லை.