வட்ஸ்அப்பில் கீறிய அப்பா

முகநூலில் படம் கீறிப் பிழைக்கிற எங்களுக்கு, கீறுகிற நேரத்தைவிடப் பதில் எழுதுகிற நேரம்தான் கூட. உங்களிலும் இந்தத் தொழிலில் மாட்டுப்பட்டவர்கள் இருப்பீர்கள். நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. நான் கரவெட்டியில் இருந்துகொண்டு டப் திரையில் முகங்கள் கீறி, என்னுடைய பக்கத்தில் போடுகிறவள். கலியாண அழைப்பிதழுக்கு மாப்பிள்ளை பொம்பிளை, முதலாவது பிறந்தநாளுக்குப் பிள்ளை, கடைத் திறப்பு விழாவுக்கு முதலாளி என்று எல்லாரையும் கீறியாயிற்று. அவர்களுக்கெல்லாம் பார்த்துக் கீற ஒரு போட்டோ இருந்தது. போன வருடம் வந்த ஒரு வேலைக்கு அதுவும் இல்லை.

வெறுங்கட்டம்

வல்வெட்டித்துறையில் இருந்து யோகராணி அக்கா வட்ஸ்அப்பில் கோல் எடுத்தார். அவருடைய அம்மா செத்துப் பத்து நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிக்கவேண்டும். அதில் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் படம் வரவேண்டும். அப்பா செல்வராசா கடலுக்குப் போய்த் திரும்பி வராமல் நாற்பது வருடத்துக்கு மேல். அப்போது அக்காவுக்கு இரண்டு வயது. கலியாணப் படம் இடம்பெயர்வில் பெட்டியோடு தொலைந்துபோயிற்று. அடையாள அட்டை அவருடைய சட்டைப்பைக்குள் இருந்தபடியே கடலுக்குப் போய்விட்டது.

ஒரு போட்டோவும் இல்லாமல் எப்படிக் கீறுவது என்று நான் இழுத்தேன். அந்த இடத்தில் ஒரு விளக்கோ பூவோ போடலாமே என்றும் சொல்லிப் பார்த்தேன். அக்கா கேட்டார்: "அம்மா நாப்பது வருசம் தனிய இருந்தவ, தங்கச்சி. புத்தகத்திலையும் அவவைத் தனிய விடச் சொல்லுறீங்களோ?"

மீசை

ஒரு வட்ஸ்அப் குழு திறந்தோம். யோகராணி அக்கா, கனடாவில் இருக்கும் அவருடைய மூத்த அண்ணை, பிரான்ஸில் இருக்கும் அவருடைய சின்னக்கா, நான். அப்பா போகும்போது அண்ணைக்கு ஒன்பது வயது, சின்னக்காவுக்கு ஆறு. ஞாபகத்தில் இருப்பதை வொயிஸாகப் பேசிப் போடுங்கள், கேட்டுக் கேட்டுக் கீறுகிறேன் என்றேன்.

அப்பாவுக்குக் கட்டை மீசை என்றார் அண்ணை. மீசையே இல்லை, கொஞ்சும்போது குத்தினதே இல்லை என்றார் சின்னக்கா. "நீ அப்ப சின்னப்பிள்ளை, உனக்கென்ன தெரியும்" என்று அண்ணை போட, "நீ எப்பவும் வெளியிலை திரிஞ்சனி, என்னைத்தான் அவர் தூக்கி வைச்சிருந்தவர்" என்று சின்னக்கா போட, இரண்டு நாட்களாக நான் ஒரு மீசையை வைத்தும் எடுத்தும் களைத்துப்போனேன். யோகராணி அக்கா ஒவ்வொரு வொயிஸையும் உடனே கேட்டுவிடுவார். ஒரு சொல் எழுதமாட்டார். சண்டையைப் பார்த்துச் சலித்துவிட்டாரோ என்று தனியாக எடுத்துக் கேட்டேன். "நிப்பாட்டிப் போடாதேங்கோ தங்கச்சி, சண்டை பிடிக்கட்டும். அப்பாவைப் பற்றி ஆரும் இவ்வளவு கதைச்சு நான் கேட்டதே இல்லை."

வடிவான மனிசர்

களைப்பில் ஒரு குறுக்குவழியும் பார்த்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஒளிக்கத் தேவையில்லை. வயது முப்பத்தைந்து, வடகரைக் கடலோடி, கட்டை மீசை என்று செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் அடித்தேன். கண்மூடித் திறக்க முதல் நான்கு பேரைத் தந்தது. நல்லவராக ஒருவரைத் தெரிவுசெய்து குழுவில் போட்டேன். பளிச்சென்ற பல்லு, படிய இழுத்த தலைமயிர், மடிப்புக் கலையாத கொலர். வெயிலும் உப்பும் ஒரு நாளாவது பட்ட முகமாக அது இல்லை. போட்ட பிறகுதான் எனக்கே வெட்கமாக இருந்தது. கனடாவில் இருந்து அண்ணை மரியாதையாகத்தான் பதில் போட்டார்: "ஆள் நல்ல வடிவு, பிள்ளை. ஆனா எங்கடை படலையைத் திறந்துகொண்டு உவர் வந்திருந்தா, ஆர் வேணும் எண்டு கேட்டிருப்பன்."

எத்தனை மணிக்கு?

திரும்பவும் கையால் கீறினேன். மீசையை மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி விட்டு, என் பக்கத்தில் போட்டேன். "செல்வராசா என்பவரைத் தெரிந்தவர்கள் திருத்தம் சொல்லுங்கள்" என்று மேலே எழுதினேன். எழுதியதை வாசிக்கிற ஆட்களா நாங்கள்? பழைய காலத்து முகம் ஒன்று முகநூலில் வந்தால் அது மரண அறிவித்தல்தான் என்று எங்கள் ஊரில் முடிவு. ஒரு மணித்தியாலத்துக்குள் ஆழ்ந்த இரங்கல், ஓம் சாந்தி, கும்பிடுகிற கை என்று கொமென்ட்டுகள் நூறைத் தாண்டின. நாற்பது வருடத்துக்கு முன் கிடைக்கவேண்டிய அனுதாபம் வட்டியோடு வந்து குவிந்தது.

சிரிப்பாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது. பிரேதம் கிடைக்காததால் அவருக்கு ஒரு செத்தவீடுகூட நடக்கவில்லை என்று அக்கா சொல்லியிருந்தார். அந்தக் கொமென்ட்டுகளை அவர் ஒன்றுவிடாமல் வாசிக்கிறார் என்று தெரிந்ததால், நான் எதையும் அழிக்கவில்லை. லண்டனில் இருந்து ஒருவர் எழுதியதை மட்டும் அவர் கண்ணில் பட முதல் மறைத்தேன்: "எத்தினை மணிக்குப் பிரேதம் எடுக்கினம்? லைவ் போடுவீங்களோ?"

ஏழு நிமிட வொயிஸ்

அந்த இரங்கல்களுக்கு நடுவில் நோர்வேயில் இருந்து ஒருவர் இன்பொக்ஸுக்கு வந்தார். செல்வராசாவோடு ஒரே வள்ளத்தில் கடல்தொழிலுக்குப் போனவர். கடைசி நாள் காய்ச்சல் என்று கரையில் நின்றுவிட்டாராம். ஏழு நிமிடம் பேசியிருந்தார், அதில் பாதி நேரம் மூக்கைச் சிந்துகிற சத்தம். மீசை வழக்கை அவர்தான் தீர்த்தார். கடலுக்குப் போகிற காலத்தில் வளர விடுவாராம், கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் வழித்துவிடுவாராம். அண்ணையும் சரி, சின்னக்காவும் சரி.

கடைசியில் சொன்னதைக் கேட்டுத்தான் அந்த முகத்துக்குள் ஒரு ஆள் வந்தார். நான் ஒரே இருப்பில் கீறி முடித்தேன். குழுவில் முதல்முறையாக ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நோர்வேக்காரர் சொன்னது இவ்வளவுதான்: "கடலைப் பாத்துப் பாத்து, ஆக்களையும் அவர் அப்பிடித்தான் பாப்பார். இடது கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு."

அந்தியேட்டி வீடு

அந்தியேட்டிக்கு என்னையும் கூப்பிட்டார்கள். கல்வெட்டைத் திறந்தால் முதல் பக்கத்தில் அம்மா, பக்கத்தில் கண்ணைச் சுருக்கியபடி அப்பா. எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன். அப்போது திருகோணமலையில் இருந்து வந்திருந்த ஒரு பெரியவர் புத்தகத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார். செல்வராசாவின் ஒன்றுவிட்ட தம்பியாம். கனகாலம் தொடர்பில்லாமல் இருந்து, சாவுச் செய்தி கேட்டு வந்தவர். "கண் அண்ணையின்ரை கண்தான். மூக்கு இதில்லை. அவருக்கு நல்ல சப்பை மூக்கு" என்றார்.

சுவரில் அதே படம் பெரிதாகப் பூமாலையோடு தொங்கியது. புத்தகத்தை இனி ஒன்றும் செய்ய ஏலாது, சுவர்ப் படத்தையாவது ஐந்து நிமிடத்தில் திருத்தி வேறு பிரதி எடுத்துத் தருகிறேன் என்று டப்பை வெளியில் எடுத்தேன். கனடாவில் இருந்து வந்திருந்த அண்ணை "ஓம், திருத்துங்கோ" என்றார். யோகராணி அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் தங்கச்சி, மூக்கிலை கை வைக்காதேங்கோ. ரெண்டு கிழமையா விடிய எழும்பி இந்த முகத்தோடைதான் அப்பா எண்டு கதைக்கிறன்."

ஆக, எங்கள் தொழிலில் பிழை திருத்த எவ்வளவோ கருவி இருந்தாலும், ஒருவர் அந்தப் படத்தை அப்பா என்று கூப்பிடத் தொடங்கும் வரைக்கும்தான் அவற்றுக்கு வேலை.