கணக்கு தானாக வரும் என்றார்கள்

டெல்லி மயூர் விஹாருக்குக் குடிவந்த புதிதில், மாடிவீட்டு ஆன்ட்டி தன் பேரனின் கணக்குப் புத்தகத்தோடு வாசலில் வந்து நின்றார். "நீ மதராஸிதானே மகளே, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்" என்றார் இந்தியில். எனக்குத் தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. அடுப்பில் வேலையாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, சாயங்காலம் மறுபடி வந்தார்.

டெல்லியில் தமிழர்களுக்குக் கணக்கு பிறவியிலேயே வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். நான் படித்தது வரலாறு. அருப்புக்கோட்டையில் எங்கள் கணக்கு சார் நல்ல மனிதர், குரலை உயர்த்திப் பேசியதில்லை. ஆனால் கேள்விகள் எல்லாம் பையன்கள் பக்கமே போகும். நான் எழுந்து சந்தேகம் கேட்டால், "உக்காரு தாயி, உனக்கெதுக்கு இந்தக் கஷ்டம்" என்பார். பரிவோடு சொன்னதுதான். அந்தப் பரிவு பழகிப்போய்க் கேட்பதை விட்டேன், பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றேன். மறுபடி எழுதித் தேறினாலும், என் மண்டைக்கு அது ஏறாது என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.

என் மகள் யாழினி இங்கேயே பிறந்தவள். ஆறாம் வகுப்புக்குப் போனதும் கணக்கு வகுப்பு உள்ள நாட்களில் வயிறு வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். டாக்டரிடம் காட்டியும் ஒன்றும் இல்லை. ஒரு நாள் தலை பின்னிவிடும்போது மெதுவாகக் கேட்டேன்.

"மேம்கிட்ட டவுட் கேட்டா, 'அரே, உனக்குமா'ன்னு சிரிக்கிறாங்கம்மா. நீயே போட்டுடுவேன்னு அடுத்த பிள்ளைகிட்ட போயிடறாங்க. எனக்குத் தெரியலன்னு எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது?"

சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. எனக்கு வராது என்று ஒதுக்கினார்கள். இவளுக்குத் தானாக வரும் என்று ஒதுக்குகிறார்கள். இரண்டு பேருக்குமே யாரும் சொல்லித்தரவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் அவளுடைய கணக்கு டீச்சர் ரஷ்மி மேடத்தைப் பார்த்தேன். சுறுசுறுப்பான பெண், என் வயதுதான் இருக்கும். "யாலினி மார்க் குறைந்திருக்கிறது. வெறும் அலட்சியம். கணக்கு உங்கள் ஆட்களின் ரத்தத்திலேயே இருக்கிறதே" என்றார் சிரித்தபடி. என் இந்தி அவசரத்துக்கு உதவாது. "மேம், கணக்கில் ஃபெயில்" என்றேன். "இல்லை இல்லை, ஃபெயில் ஆகவில்லை, பயப்படாதீர்கள்" என்றார் அவர்.

"அவள் இல்லை மேம். நான். நான் ஃபெயில் ஆனவள்."

அவர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். தெரிந்த இந்தியையும் ஆங்கிலத்தையும் கலந்து, வயிற்றுவலியையும் "உனக்குமா" என்ற சொல்லையும் சொல்லி முடித்தேன். சண்டைக்கு வந்ததாக நினைப்பார், கோபம் குழந்தை மேல் திரும்பும் என்று பயந்தேன்.

"நான் தர்பங்காவிலிருந்து படிக்க வந்தவள்" என்றார் அவர். "இங்கே காலேஜில் நான் வாய் திறந்தாலே பிஹாரி என்று சிரிப்பார்கள். என்ன சொல்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை. அதெல்லாம் பட்டவள், நானும் ஊர்ப்பேரை வைத்துத்தான் உங்கள் பெண்ணைப் பார்த்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை."

சமாதானத்துக்குச் சொல்கிறார் என்றுதான் வீடு திரும்பும்போது எண்ணினேன். மறுவாரம் யாழினி பள்ளியிலிருந்து வந்து பையை இறக்குவதற்கு முன்பே பேச ஆரம்பித்தாள். மேம் ஆளுக்கொரு சிலேட்டு கொடுத்திருக்கிறார். கேள்வி சொன்னதும் எல்லோரும் விடை எழுதி, ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். முகத்தைப் பார்த்து ஆள் பொறுக்கப் போவதில்லை என்று வகுப்பிலேயே சொன்னாராம்.

"யாருக்கு வரும், யாருக்கு வராதுன்னு நான் தப்பாவே நினைச்சிட்டு இருந்தேன், சாரின்னு சொன்னாங்கம்மா. கடைசி பெஞ்ச் ஸோனம் இருக்கால்ல, அவகிட்ட எதுவுமே கேக்க மாட்டாங்க. அவ எல்லாமே கரெக்டா போட்டிருந்தா. மேம் அவ சிலேட்டையே பாத்துட்டு நின்னாங்க."

குழந்தைகள் முன்னால் நின்று அப்படிச் சொல்ல எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். இந்த ஊரின் குளிரையும் புகையையும் குறைசொல்லி ஊருக்குப் போனில் நிறையப் பேசியிருக்கிறேன். இப்படி ஒரு ஆசிரியை இங்கே எங்களுக்குக் கிடைத்ததையும் சொல்லத்தான் வேண்டும். காலையில் வகுப்பு தொடங்குமுன் யாழினியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பின்னங்களை அடியிலிருந்து சொல்லிக்கொடுத்தார். வாய்ப்பாட்டைத் தான் படித்தபடியே இந்தியில், ராகம் போட்டுப் பழக்கினார். அடுத்த பரீட்சையில் பாதிக்குச் சற்று மேலே வாங்கினாள். "இது அவளுடைய மார்க். இனி இதிலிருந்து ஏறுவோம்" என்று டைரியில் எழுதி அனுப்பினார். வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை.

நேற்று மாலை யாழினி பால்கனியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். துணி எடுக்கப் போன நான் கதவோரம் நின்று கேட்டேன். "சாத் அட்டே சப்பன்" என்று தலையாட்டிப் பாடினாள். ஏழெட்டு ஐம்பத்தாறு. ஆறை எழுதிவிட்டு, விரலை மடக்கி, "மீதி அஞ்சு" என்று தமிழில் முணுமுணுத்துக்கொண்டாள். பெருக்கலெல்லாம் இந்தியிலும் மீதியெல்லாம் தமிழிலுமாக அவள் நோட்டில் அந்தப் பக்கத்தை முடிக்கும்வரை, காய்ந்த துணிகளோடு அங்கேயே நின்றிருந்தேன்.