சர்வருக்குப் பின்னால் தொங்கிய வால்

மழைக்காலத்தில் பந்தலூரில் துணி காயாது. பிள்ளைகளே, இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈர சாக்ஸோடு பள்ளிக்கூடம் போய் வந்தவர்கள் நீங்கள். ஆனால் எங்கள் தேயிலை ஃபேக்டரி ஆபீசில் இருப்பவர்கள் மட்டும் அடைமழையிலும் மொறுமொறுவென்று காய்ந்த சாக்ஸ் போட்டுத் திரிந்தது எப்படி என்று நான் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். பெரியவளின் நாடக வேஷத் துணியை இஸ்திரிக் கடையில் காயவைத்ததாக அவள் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள்.

ஃபேக்டரியில் தேயிலை உலர்த்தும் டிரையர் இருக்கிறதே, அங்கே காயவைத்தால் என்ன என்று கேட்பீர்கள். அந்தப் பக்கம் ஒரு கைக்குட்டையைக் கொண்டுபோனாலும் டீமேக்கர் தோலை உரித்துவிடுவார். தூளில் சோப்பு வாசம் ஏறிவிடுமாம். டீமேக்கர் என்றால் ஃபேக்டரி முழுவதுக்கும் பொறுப்பானவர். நான் அங்கே எலக்ட்ரீஷியன்.

ஆபீசின் மூலை அறையில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் இரும்பு அலமாரி. அதற்குள் படுத்த வாக்கில் தட்டையாக ஒரு பெட்டி. அதுதான் சர்வர். ஆபீசில் உள்ள கம்ப்யூட்டர்களின் கணக்கு வழக்கெல்லாம் அதற்குள்தான். முன்பக்கம் குளிர்ந்த காற்றை இழுத்துப் பின்பக்கம் வெந்நீர் ஆவி போலச் சூடாக ஊதும். அலமாரிக்குப் பின்கதவு கிடையாது. குறுக்கே போகும் கேபிள்கள் கொடிக்கயிறு மாதிரியே இருக்கும். மேல் கேபிள் கிளார்க் அக்காவுடையது, நடுக்கேபிள் என்னுடையது. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

பெரியவளே, நீ அப்போது மூன்றாம் வகுப்பு. பள்ளி நாடகத்தில் வரையாடு வேஷம். பழைய கம்பளியில் அம்மா தைத்தாள். வரையாட்டுக்கு வால் குட்டைதான். நீ கேட்டால்தானே? முழங்கால்வரை தொங்க வேண்டும் என்று அடம்பிடித்து, உள்ளே கயிறு வைத்துத் தைக்கச் சொன்னாய். நாடகத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அந்த வேஷத்தோடு சாக்கடையைத் தாண்டிக் காட்டுகிறேன் என்று சொல்லி உள்ளே விழுந்தாய். நாடகம் மறுநாள் மூன்று மணிக்கு. அழுத கண்ணோடு, "அப்பா, ஈரமா இருந்தா டீச்சர் வேற பிள்ளைய ஆடாக்கிடுவாங்க" என்றாய்.

காலையில் யாரும் வருமுன் நான் அதை நடுக்கேபிளில் போட்டேன். மத்தியானம் லீவு சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு வரலாம் என்பது கணக்கு.

அன்றைக்கென்று சர்வர் படுத்துவிட்டது. உள்ளே இருக்கும் சிஸ்டம் கெட்டுப்போனதால் எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டுமாம். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் கோயம்புத்தூரை விட்டு அசையவில்லை. பெட்டிக்குப் பின்னால் அதற்கென்று தனியாக ஒரு கேபிள் உண்டு. பெட்டி தூங்கினாலும் அந்த வழி மட்டும் விழித்திருக்கும். அதன் வழியாக அவர் அங்கிருந்தே திரையைப் பார்ப்பார், பட்டனைத் தட்டுவார், சிஸ்டத்தையும் அனுப்புவார். பாதியில் லைன் விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து. இங்கே கை வேலைக்கு நான்.

டீமேக்கர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "லீவு கேட்டியாமே. இது ஓடட்டும், அப்புறம் போ" என்றார்.

முதல் தடவை பாதி ஏறியது. பெட்டி தானாக அணைந்து மறுபடி எழுந்தது. எழும்போது உள்ளே இருக்கும் ஃபேன்கள் 'ஊ' என்று அலறின. உடனே போன் வந்தது.

"ஏனுங்கண்ணா, லைன் போயிருச்சுங்க. பின்னாடி அந்தத் தனிக் கேபிள்ல லைட்டு எரியுதான்னு பாருங்க."

போனேன். வாலை ஒதுக்கிப் பார்த்தேன். பச்சை லைட் மினுக்கியது.

"நல்லா எரியுதுங்க சார்."

"அட, வந்துருச்சுங்க! என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க. சும்மா பாத்தேன்."

வாலை விட்டுவிட்டு முன்னால் வந்தேன். இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவது தடவை இன்ஜினியர் குரலே மாறிவிட்டது. "அண்ணா, நீங்க பாத்தா வருது, திரும்புனா போகுது. உங்க கண்ணுல என்னங்க வச்சிருக்கீங்க?"

மணி பன்னிரண்டு. நான்காம் தடவை நான் முன்னால் வரவில்லை, பின்னாலேயே நின்றேன். ஃபேன் அலறியது. வால் மெதுவாக எழுந்தது. ஆடியது. அதன் நுனி அந்தத் தனிக் கேபிளில் சுற்றி ஓர் இழுப்பு இழுத்தது. கேபிளின் முனையில் இருக்கும் குட்டி பிளாஸ்டிக் நாக்கு எப்போதோ ஒடிந்திருந்ததால் அது பொசுக்கென்று பாதி வெளியே நழுவியது. லைட் போய்விட்டது. நான் வாலை ஒதுக்கும்போதெல்லாம் அது தானாக உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது.

சத்தம் போடாமல் வேஷத்தை உருவி என் ஸ்வெட்டருக்குள் திணித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து இன்ஜினியர், "வீடியோ கால் போடுங்க, பின்பக்கத்த நானே பாக்குறேன்" என்றார். கிளார்க் அக்கா போனைப் பிடித்தார்.

இன்ஜினியர் திரையருகே முகத்தைக் கொண்டுவந்தார். பிறகு, "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு வாலு தெரியுதுங்களே?"

அக்கா சிரித்த சிரிப்பில் போன் ஆடியது. டீமேக்கர் எழுந்து வந்து என் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தார். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கத்துவதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் இன்ஜினியர், "இன்னும் என்னமோ தொங்குதுங்களே. சாக்ஸுங்களா? அந்த நீல மங்கி கேப் யாருதுங்க?" என்றார்.

நீல மங்கி கேப் டீமேக்கருடையது. திறந்த வாய் அப்படியே நின்றது.

"அது தூசிக்குப் போட்டிருக்கோம்" என்றார் டீமேக்கர், கேப்பைச் சுருட்டிப் பையில் வைத்தபடி.

"எல்லாத்தையும் எடுத்துட்டு, கேபிள டேப் போட்டு இறுக்குங்க. இன்னொருக்கா விட்டுச்சுன்னா நாளைக்குத்தான்."

இறுக்கினேன். ஐந்தாவது தடவை ஏற ஆரம்பித்தது. ஆனால் காலையிலிருந்து சர்வர் படுத்தே கிடந்ததில் சூடான காற்று வராமல், என் ஸ்வெட்டருக்குள் வேஷம் இன்னும் சில்லென்று இருந்தது. ஓட்டு வீட்டில் ஒழுகுகிற மாதிரி இடுப்பில் நீர் இறங்கியது.

டீமேக்கர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன வேசம்?"

"வரையாடுங்க. மூணு மணிக்கு."

அக்காவிடம் வீடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்தினார். "குடு இப்படி." கேபிளில் படாமல் ஒரு முழம் தள்ளி நின்று, முன்னங்கால் இரண்டையும் பிடித்து விரித்துக் காற்றில் காட்டினார். அக்கா வாலைப் பிடித்தார். சர்வருக்கு வேலை ஏற ஏறக் காற்று சூடாக வந்தது. இன்ஜினியர் போனில், "உள்ள சூடு ஒண்ணும் ஏறலீங்களே?" என்று கேட்டபோது, டீமேக்கர் ஆட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே, "இல்லீங்க, சரியாத்தான் இருக்கு" என்றார்.

இரண்டேகால் மணிக்குத் திரையில் பாஸ்வேர்டு கேட்டது. "முடிஞ்சுதுங்க" என்ற குரலைக் கேட்டதும் வேஷத்தை வாங்கிக்கொண்டு மழையில் ஓடினேன், பாலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்து. பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேறொரு பெண்ணுக்குக் கொம்பு கட்டிக்கொண்டிருந்தார். நீ சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். பையை நீட்டினேன். டீச்சர் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணின் கொம்பை அவிழ்த்தார்.

போட்டுக்கொண்டதும், "சூடா இருக்குப்பா" என்றாய்.

மேடையில் ஆடுகள் பாறை மேல் அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான் உங்கள் வேலை. கடைசி வரிசையில் சொட்டச் சொட்ட நின்ற என்னை நீ பார்த்துவிட்டாய். முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஆட்டினாய். டீச்சர் திரைக்குப் பின்னாலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு என்னையும்தான் முறைத்தார், ஏனென்றால் நானும் பதிலுக்கு ஆட்டிக்கொண்டிருந்தேன்.