அண்ணன் பெயருக்கு எதிரே ஒரு கட்டம்

போர் முடிந்த ஏதோ ஒரு நாட்டில், காணாமல் போனவர்களின் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை. ஆறு மாதம். வெளிநாட்டு அமைப்பு ஒன்று கல்லூரி மாணவர்களுக்குத் தரும் வாய்ப்பு. சென்னை விடுதியில் அந்த விண்ணப்பத்தைப் பார்த்ததுமே எனக்குக் கை பரபரத்தது. உங்கள் ஊரில் சண்டை வராமல் காக்கும் வழக்கம் ஒன்றை எழுதி, அதில் சேர்ந்தவர்களின் பட்டியலும் ஒலிப்பதிவும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்தவள் அதற்கு எங்கே அலைய வேண்டும்? எங்களுக்குப் ‘பாடு’ இருக்கிறது.

ஏரியில் இறால் விழும் இடங்கள் கொஞ்சம்தான். யார் என்றைக்கு எங்கே வலை கட்டுவது என்று எங்களுக்குள் முறை உண்டு. அதுதான் பாடு. வருடம் ஒருமுறை கரையில் கூடுவோம். ஊர்த் தலைவர் நோட்டைப் பார்த்துப் பெயர்களைப் படிப்பார். பெயருக்குரியவர் ‘உண்டு’ என்று சொல்ல வேண்டும். பதில் வராத பெயரைக் கோடு போட்டு அடித்துவிடுவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் அண்ணன் ஒரு விடியலில் முகத்துவாரம் பக்கம் போனான். படகு திரும்பி வந்தது, அவன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு கூட்டத்திலும் அவன் பெயரைப் படிப்பார்கள். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு ஏரியைப் பார்ப்பார்கள். கட்டிக் கிடக்கும் படகுகளில் தண்ணீர் மோதும் சத்தம் கேட்டதும் தலைவர், “சொல்லிட்டான்” என்று அடுத்த பெயருக்குப் போவார். அம்மா அதற்குப் பிறகுதான் மூச்சு விடுவாள்.

இந்த வருடம் படித்த திமிரில் ஒரு காரியம் செய்தேன். விண்ணப்பத்துக்கும் ஆகும் என்று கிழிந்த நோட்டைக் கணினியில் ஏற்றி, பெரிய எழுத்தில் அச்சடித்துத் தலைவரிடம் கொடுத்தேன். ‘நிலை’ என்று ஒரு கட்டம் போட்டிருந்தேன். கட்டம் எதுவும் காலியாக இருக்கக்கூடாது என்பது வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடம். அண்ணன் பெயருக்கு எதிரே ‘மறைவு’ என்று அடித்தேன். அடிக்கும்போது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

கூட்டத்தில் தலைவர் என் தாளைத்தான் படித்தார். அண்ணன் பெயர் வர வேண்டிய இடத்தில் அடுத்த வீட்டுக்காரர் பெயர் வந்தது. அவரும் ‘உண்டு’ என்றார்.

பின்னால் நின்ற அம்மா கேட்டாள்: “எம் புள்ள பேரு இன்னா ஆச்சு?”

“உம் பொண்ணுதாம்மா அடிச்சிக் குடுத்துச்சு,” என்றார் தலைவர். “மறைவுனு போட்டுக்கீது.”

அம்மா என்னைத் திட்டவில்லை. “ஏரியே இன்னும் சொல்லல. நீ சொல்லிட்டியாடி?” என்றாள். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

“மாமா, தப்பு என்னுது. அண்ணன் பேரையும் ஒரு தபா படிங்க,” என்றேன்.

அன்றைக்குப் பார்த்துக் காற்றே இல்லை. தட்டில் ஊற்றிய கஞ்சி மாதிரி ஏரி அசையாமல் கிடந்தது. தலைவர் அண்ணன் பெயரைப் படித்தார். காக்கா கூடக் கத்தவில்லை. அவர் ரொம்ப நேரம் காத்திருந்தார். பிறகு பெயரை அடிக்கப் பேனாவைத் திறந்தார். அப்போது எங்கள் படகு மட்டும், அண்ணன் இல்லாமல் திரும்பி வந்த அதே படகு, பக்கத்துப் படகில் ஒரே ஒரு முறை இடித்தது. வேறு எதுவும் அசையவில்லை.

“சொல்லிட்டான்,” என்று தலைவர் பேனாவை மூடினார்.

விடுதிக்குத் திரும்பி, கூட்டத்தில் கைப்பேசியில் எடுத்திருந்த ஒலிப்பதிவைக் கேட்டேன். தலைவர் அண்ணன் பெயரைப் படிக்கிறார். நீண்ட அமைதி. பிறகு “சொல்லிட்டான்.” நடுவில் படகு இடித்த சத்தம் இல்லை. சத்தத்தைக் கூட்டி வைத்து ஏழெட்டு முறை கேட்டேன். அம்மா மூச்சை அடக்கி, பிறகு விடுவது மட்டும் கேட்கிறது.

ஒலிப்பதிவை அழித்தேன். அது இல்லாமல் விண்ணப்பம் தேறாது என்று தெரிந்தேதான் அழித்தேன். பட்டியலில் ‘மறைவு’ என்பதை எடுத்துவிட்டு ‘உண்டு’ என்று அடித்து அனுப்பினேன்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. ஒலிப்பதிவைக் காணோம் என்று எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு கேள்வி: அண்ணன் பெயருக்கு எதிரே இருக்கும் சொல்லுக்கு, அவர் உயிரோடு இருக்கிறார் என்று பொருளா?

தெரியாது, கூப்பிட்டால் பதில் வருகிறது என்று எழுதினேன்.