குருவி தேடிய யசோ மச்சாள்

யசோ மோசம்போன செய்தி வந்தபோது நான் பிரெஞ்சுத் தலைநகரில் நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் இருந்த பராமரிப்பு இல்லத்திலிருந்து ஒரு தாதி பேசினாள். சாவுச் செய்திகளைச் சொல்வதற்கென்றே அவர்களிடம் மெல்லிய ஒரு குரல் இருக்கிறது. நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தேன். என் முகத்தைப் பார்த்த கடைக்காரர் என்ன விசயம் என்று கேட்டார். சொன்னேன்.

“ஆர், அந்தக் கேம் விளையாடுற மனிசியோ? ஐயோ பாவம்” என்றார். தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “முருங்கைக்காய் இண்டைக்குத்தான் வந்தது. போடட்டோ?”

போடச் சொன்னேன். யசோ அந்த இடத்தில் நின்றிருந்தால் அவளும் வாங்கியிருப்பாள். காயை முறுக்கிப் பார்த்து, முற்றல் என்று அந்த மனிதரை நாலு வார்த்தை ஏசியும் இருப்பாள்.

அவளை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் கடைக்கு வந்தவர்களுக்கும், அவளுடைய காணொளிகளைப் பார்த்து வீட்டிலிருந்தபடியே ஏச்சு வாங்கியவர்களுக்கும். போனவர்களைப் பற்றி நல்லதையே சொல்லவேண்டும் என்பது நம்மவர் வழக்கம். யசோவைப் பற்றி நல்லதை மட்டும் சொன்னால் அது வேறு யாரோ ஒருத்திக்கு எழுதிய அஞ்சலியாகிவிடும்.

யசோ என் அண்ணனின் மனைவி. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. திரைப்பட வட்டுகள் விற்கும் சிறிய கடை ஒன்றை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் அவளை விட்டுப்போனது ஊரில் போர் முடிந்த 2009 மே மாதம். அந்த நாட்களில் லா சப்பல் முழுவதும் தொலைக்காட்சிகளின் முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தது. முன்பின் தெரியாதவர்கள் தெருவில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு விம்மினார்கள். அதற்குள்ளே அண்ணன் தன் உடுப்புகளையும் சோறு அவிக்கும் மின்சட்டியையும் எடுத்துக்கொண்டு, ஆர்ஜொந்தெய்யில் இன்னொரு பெண்ணின் வீட்டுக்குப் போய்விட்டார். தன்னுடைய வீடியோ விளையாட்டுப் பெட்டியை மட்டும் விட்டுவிட்டுப் போனார். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்ததாம்.

“கொண்ணர் நேரம் பாத்துத்தான் போயிருக்கிறார்” என்றாள் யசோ. “ஊரே அழுகுது. இதுக்குள்ளை நான் அழுதால் ஆர் திரும்பிப் பாக்கப்போறான்?”

அவள் அழவில்லை. அந்தப் பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்து தொலைக்காட்சியில் பொருத்தினாள். வட்டு வாங்க ஆட்கள் வருவது குறைந்துபோன காலம் அது. அண்ணன் விட்டுப்போன விளையாட்டும் அதற்குள்ளேயே இருந்தது. கைவிடப்பட்ட ஒரு சுரங்க நகரம். திரையில் நம் துப்பாக்கியின் முனை மட்டும் தெரியும்; சுடுபவரின் கண்ணாலேயே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு போகவேண்டும். எதிரே வருபவர்களைச் சுட்டுக்கொண்டு முன்னேறுவதுதான் எல்லோரும் செய்வது. ஆனால் அந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் சுவர்களுக்குப் பின்னாலும், கூரைகளுக்கு மேலும், உடைந்த குழாய்களுக்குள்ளும் சில பொருட்களை ஒளித்துவைத்திருப்பார்கள். துப்பாக்கியைப் பலப்படுத்தும் உதிரிகள், கவசத் துண்டுகள், பிறகு எதற்கும் உதவாத சிறிய பித்தளைக் குருவிகள். யசோ இவை எல்லாவற்றையும் ‘சாமான்’ என்பாள். சாமானுக்காகத்தான் அவள் விளையாடினாள்.

“சுடுறதெண்டால் கொண்ணரும் சுடுவார்” என்பாள். “தேடுறதுக்குத்தான் மூளை வேணும்.”

விளையாட்டைச் செய்தவர்களை அவள் கடைக்கு வரும் தந்திரக்கார வாடிக்கையாளர்களைப் போலவே எடைபோட்டாள். வெளிச்சம் காட்டி ஒரு வழிக்கு அழைத்தால் உடனே எதிர்ப்பக்கம் திரும்புவாள். “அவன் கூப்பிடுற பக்கம் கதைதான் கிடக்கும். கூப்பிடாத பக்கம்தான் சாமான் கிடக்கும்.” ஒரு அலுமாரி சுவரோடு ஒட்டாமல் நின்றால், ஒரு பீப்பாய் காரணமில்லாமல் ஜன்னலுக்குக் கீழே கிடந்தால், அவள் முகத்தில் ஒரு சந்தோசம் வரும். பிறர் வீட்டுச் சண்டையைக் கேட்கும்போதும் அவளுக்கு அதே முகம்தான்.

பிறகு தமிழில் பேசிக்கொண்டு விளையாடி, அதைக் காணொளியாகப் போடத் தொடங்கினாள். எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று காட்டும் காணொளிகள்தான். ஆனால் எல்லோரும் பார்த்தது அவள் வாய்க்காக. “குறுக்காலை போவானே, அங்கையில்லை, மேலை பார்! கழுத்து என்னத்துக்கு வைச்சிருக்கிறாய்?” என்று திரைக்குள்ளிருந்து ஏசுவாள். ஒருமுறை யாரோ ஒருவர், நீங்கள் பேசாமல் சமையல் காணொளி போடலாமே என்று எழுதினார். அடுத்த காணொளியை யசோ இப்படித் தொடங்கினாள்: “ஒருத்தர் சமையல் கேட்டிருக்கிறார். முதலிலை வெங்காயத்தை வெட்டுங்கோ. கண்ணீர் வரும். அதைத் துடைச்சுப்போட்டு இந்தச் சுவரைப் பாருங்கோ.” அந்த மனிதர் அதன்பிறகு ஒரு காணொளியையும் தவறவிடவில்லை.

கார்த்தி வந்தது இந்தக் காலத்தில்தான். தமிழ்நாட்டுக்காரர். சென் தெனியில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அந்தச் சுரங்க நகரத்து மணிக்கூண்டுக்குள் ஒன்றுமே இல்லை என்று யசோ ஒரு காணொளியில் அடித்துச் சொல்லியிருந்தாள். அது தவறு என்று காட்டுவதற்காகவே கார்த்தி கடைக்கு வந்தார். நாலைந்து பேர் சூழ்ந்து நின்று பார்க்க, திரையில் மணிக்கூண்டின் உத்தரத்தில் ஏறி, மணியின் உட்பக்கம் ஒட்டியிருந்த ஒரு குருவியை எடுத்துக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

“சரி, கெட்டித்தனம்தான்” என்றாள் யசோ. “இப்ப எழும்பும் தம்பி. அது சாமான் வாங்க வாற ஆக்கள் இருக்கிற கதிரை.”

அடுத்த காணொளியில் அவருக்கு உரிய பெருமையையும் கொடுத்தாள். “சென் தெனியிலையிருந்து படிச்ச ஒராள் வந்து கண்டுபிடிச்சவர். படிச்சபடியால்தான் இவ்வளவு காலம் எடுத்திருக்கு.” கார்த்திக்குக் காது சிவந்தது. ஆனால் அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் வந்தார். தமிழ்நாட்டில் தன்னை இப்படித் திட்ட யாரும் இல்லை என்றார்.

ஒரு கோடையில் யசோ மனெத் பழுது என்று சொல்லத் தொடங்கினாள். கையில் பிடித்து விளையாடும் கருவியை இங்கே நாங்கள் மனெத் என்போம். புதியது வாங்கினோம். அதுவும் பழுது என்றாள். பழுதானது அவளுடைய இடது பெருவிரல். திரைக்குள் நடப்பதற்கு அந்த விரல்தான் வேண்டும். பிறகு வலது பெருவிரல். பிறகு கிண்ணத்தை நழுவவிட்டாள். மருத்துவர் அந்த நோயின் பெயரை மூன்றெழுத்தில் சுருக்கிச் சொன்னார். நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும், தசை உருகிப்போகும், அறிவு கடைசி வரைக்கும் அப்படியே தெளிவாக இருக்கும் என்றார். இந்தக் கடைசி விசயத்தை அவர் ஆறுதலாகச் சொன்னார் என்றே நினைக்கிறேன்.

வெளியே வந்ததும் யசோ தன் விரலைத் தூக்கிப் பார்த்தாள். “இவ்வளவு பெரிய உடம்பு கிடக்க, இதைத்தான் அது முதலிலை பிடிச்சிருக்கு.”

அப்போது அவளுக்கு அந்தச் சுரங்க நகரத்தில் ஒரேயொரு குருவி பாக்கியிருந்தது. மற்ற எல்லாம் எடுத்தாயிற்று. ஒன்று குறைகிறது என்று திரை சொல்லிக்கொண்டேயிருந்தது. கடையை மூடி, அவளைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தபோது, அந்தப் பெட்டியும் கூடப் போனது. சனிக்கிழமைகளில் கார்த்தி அவளுக்குக் கைகளானார். அவள் கட்டிலிலிருந்து ஏச, அவர் சுவர் சுவராகத் தடவிக்கொண்டு போனார். அவள் சொன்ன இடத்தில் குதிக்கத் தவறினால் அவருடைய தாய் தகப்பனையும் இழுப்பாள். கொஞ்சம் கொஞ்சமாக நாக்கும் தடித்தது. ஏச்சிலிருந்து மெய்யெழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ‘குருடன்’ என்பது ‘உலன்’ ஆனது. கார்த்தி அதற்கும் திரும்பிப் பார்த்தார்.

பிறகு குரலும் போயிற்று. பிரெஞ்சு எழுத்துகள் அச்சிட்ட ஒரு கண்ணாடிப் பலகையைத் தந்தார்கள். அவள் எழுத்தைக் கண்ணால் பார்ப்பாள், நாங்கள் அதை வாசிக்கவேண்டும். தமிழ்ப் பலகை அவர்களிடம் எங்கே இருக்கும்? பிரெஞ்சு எழுத்தில்தான் தமிழ் பேசினாள்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் கார்த்தி என்னை இல்லத்தின் வாசலில் மறித்தார்.

“அக்கா, அந்தக் கடைசிக் குருவி கேம்லயே இல்லக்கா. பண்ணினவங்களே சொல்லிட்டாங்க. ஒரு அறைய எடுத்துட்டாங்களாம், கணக்க மாத்த மறந்துட்டாங்களாம். எல்லாருக்குமே ஒண்ணு கொறச்சலாத்தான் காட்டும். இத எப்படி அவங்ககிட்ட சொல்றது?”

யசோவுக்கு இரக்கம் காட்டினால் பிடிக்காது. கார்த்தியையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய் நானே சொன்னேன். அவள் பலகையைப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாக வாசித்தோம். தெரியும்.

“எப்பயிருந்து?” என்று கேட்டேன்.

முதலே.

கார்த்தி கையிலிருந்த மனெத்தைக் கீழே வைத்தார். “அப்ப ஏன்கா என்னத் தேட விட்டீங்க?”

அவள் மெதுவாக எழுத்துகளைப் பார்த்தாள். கார்த்தி வாசித்தார். “வி… ச… விசாவா அக்கா? என் விசா பத்தியா?” அவள் கண்ணை மூடித் திறந்து மேலே தொடர்ந்தாள். விசரன். பைத்தியக்காரன் என்பதற்கு எங்கள் சொல். விளக்கம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கார்த்தி சிரிக்கவில்லை. தன் மேற்சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. யசோ தாதியிடம் கேட்டு, கதவைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் தன்னைத் திருப்பிப் படுக்கவைக்கச் சொன்னாள்.

அந்த இடைவெளிக்குள்தான் என் அண்ணன் வந்தார். சட்டப்படி விவாகரத்து ஆகவில்லை. ஆகவே இல்லத்தின் கணக்கில் அவர்தான் கணவர். பழங்கள் கொண்டுவந்தார், அவளால் விழுங்க முடியாத பழங்கள். சுவரோரம் பெட்டியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. “என்ரை பெட்டி! இன்னும் வைச்சிருக்கிறாய் யசோ. இரு, உனக்காக நான் விளையாடுறன்.”

நான் அவளுக்கு வாய் நனைக்கத் தண்ணீர் எடுத்து வருவதற்குள் அவர் புது விளையாட்டைத் தொடங்கிவிட்டார். பழையதை அழிக்கலாமா என்று திரை கேட்டிருக்கும். ஓம் என்று அழுத்தியிருக்கிறார். அவள் வருடக்கணக்காகச் சேர்த்த ஒவ்வொரு குருவியும், ஒவ்வொரு உதிரியும் போயிற்று. அவர் அதை அறியவேயில்லை. கண்டவனையெல்லாம் சுட்டுக்கொண்டு, சாமான் இருந்த ஒவ்வொரு சுவரையும் கடந்து ஓடிக்கொண்டிருந்தார். யசோ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

பிறகு பலகை கேட்டாள். நான் பிடித்தேன். இடது.

“இடதோ?” அண்ணன் என் பக்கம் திரும்பினார். “பாத்தியே தங்கச்சி, என்னோடை கதைக்கிறாள்! இடது, இடது, இந்தா போறன்.”

இடதுபக்கம் உக்கிப்போன ஒரு பலகைப் பாலம். அதற்குக் கீழே சுரங்கக் குழி. அவளுடைய காணொளிகளில் ஒன்றையாவது பார்த்தவர்களுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். அண்ணன் காலை வைத்தார், விழுந்தார், திரை கறுத்தது.

“பாவம், தப்பாச் சொல்லிப்போட்டாள். மூளை குழம்பிப்போச்சுப் போலை” என்று என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார். ஆனாலும் அவள் மனம் நோகக்கூடாது என்று திரும்பவும் அங்கேயே போனார். அவள் திரும்பவும் இடது என்றாள். நான் பலகையை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். அந்தப் பிற்பகல் முழுவதும் என் அண்ணன் விழுந்துகொண்டேயிருந்தார். ஒவ்வொரு முறையும் யசோவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இந்த நோயில் அப்படி வரும், அது அழுகையுமல்ல, சிரிப்புமல்ல, நரம்பின் வேலை என்று மருத்துவர் பிறகு விளக்கினார். அவர் படித்தவர், அவரோடு நான் வாதாடவில்லை.

தகனத்தன்று அண்ணன்தான் பேசினார். “கடைசிக் காலத்திலை நான்தான் அவவோடை இருந்து விளையாடினனான்” என்றபோது பலர் கண்ணைத் துடைத்தார்கள். “மனிசன் எண்டால் இப்பிடி இருக்கவேணும்” என்று எனக்குப் பின்னால் ஒருவர் சொன்னார். கார்த்தி கடைசி வரிசையில், சுவரோடு நின்றார். முகத்தைக் கைகளால் மூடியிருந்தார். நான் போய்த் தேற்றவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது விசரன் என்ற ஒரு சொல்; அதை அவளைத் தவிர வேறு யாரும் சொல்லமுடியாது.

வெளியே வந்தபோது அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். “தங்கச்சி, அந்த வீடியோக்களை எடுத்துவிடு. ஒரே தூசணம். செத்தவவின்ரை பேர் கெடக்கூடாது. கடவுச்சொல் உன்னட்டை இருக்கெல்லே? என்னட்டைத் தா, நான் அழிக்கிறன்.”

விளையாட்டுப் பெட்டியை அவர் ஏற்கெனவே தன் காரில் ஏற்றியிருந்தார். அது அவருடையதுதான், வைத்துக்கொள்ளட்டும். யசோவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவளுடைய குரலும், அதைத் திறக்கும் அந்தக் கடவுச்சொல்லும்தான். அவளே தெரிவுசெய்த சொல் அது. என் அண்ணனையும் அவருடைய உடலின் ஓர் உறுப்பையும் பற்றியது, அச்சில் போடமுடியாது. வாரத்தில் ஒருமுறையாவது நான் அதை முழுவதுமாக, ஒரு எழுத்தும் பிசகாமல் தட்டுகிறேன்.