பாலத்தில் திணறிய கார்

என் காருக்கு இருபது வயது தாண்டிவிட்டது. எனக்கு ஐம்பத்து நான்கு. இரண்டு பேரையும் ஓரங்கட்ட என் தம்பிக்கு அப்படியொரு அவசரம்.

"அக்கா, வண்டி செத்துட்டு. ஞாயித்துக்கிழம வாங்குத ஆளக் கூட்டிட்டு வாரேன், குடுத்துரு. ஸ்கூலுக்கு நான் கொண்டு விடுதேன்."

கொண்டு விடுவானாம். கணவர் போன பிறகு, ஐம்பத்தொரு வயதில் கியர் மாற்றப் படித்தவள் நான். சீவலப்பேரியில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கும், நினைத்தால் கடைக்கும் கோயிலுக்கும், யாரையும் கேட்காமல் கிளம்ப எனக்கு இருப்பது இந்தக் கார் ஒன்றுதான். விடுவதாக இல்லை.

கோளாறு என்னவோ உண்மை. சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்ளும், நின்ற இடத்தில் சீராக ஓடும். ஆற்றுப் பாலம் ஏறும்போது, மூன்றாவது கியரில் காலை அழுத்தினால் மட்டும் திணறும், குலுங்கும். பின்னால் வரும் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். நான் காலை எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடும்.

பேட்டை மெக்கானிக் அண்ணாச்சி பிளக் மாற்றினார், பெட்ரோல் ஃபில்டர் மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். ஒவ்வொரு தடவையும் பட்டறையிலேயே நிறுத்தி உறுமவிட்டு, "நல்லாத்தான இருக்கு டீச்சர்" என்பார். கடைசியில், "இஞ்சினப் பிரிச்சிர வேண்டியதுதான்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டில் ஒப்பிக்கிற பிள்ளை வகுப்பில் திக்கினால், வகுப்பில் வைத்துத்தானே கேட்க வேண்டும்? "ஏறுங்க அண்ணாச்சி, நான் ஓட்டுதேன்" என்றேன். தயங்கித் தயங்கி ஏறினார். பாலத்தில் அது திணறிய திணறலில் முன்னால் இருந்த டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பாலம் தாண்டி ஓரமாக நிறுத்தினேன். "பெட்ரோல் பாத்தாச்சு, தீப்பொறி பாத்தாச்சு. காத்து போற வழிய யாரு பாத்தா?"

"ஏர் ஃபில்டர் புதுசு டீச்சர், நாந்தான போட்டேன்."

"அதுக்கு முன்னால ஒரு குழாய் இருக்கே?"

முணுமுணுத்துக்கொண்டே பானட்டைத் திறந்து கழற்றினார். காற்றை இழுக்கும் அந்தக் கறுப்புக் குழாய்க்குள் நாரோடு ஒரு முழம் சாமந்தி, காய்ந்து அடைத்துக் கிடந்தது. நிற்கும்போது இஞ்சினுக்குக் கொஞ்சம் மூச்சு போதும்; ஏற்றத்தில் போதாது.

வைத்தவள் நான். ஆயுத பூசைக்குக் காரின் வெளியே மட்டும் மாலை போடுவார்கள். உழைப்பது உள்ளே இருக்கிற இஞ்சின், அதற்கும் பூ வேண்டாமா என்று, செருக வாகாகத் தெரிந்த ஓட்டையில் வைத்தேன். எடுக்க மறந்துபோனேன். அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மூன்று தடவை அவர் பார்க்காமல் விட்டதைச் சொல்லிக்காட்டாமல் இருக்கவில்லை. திரும்பும்போது கார் பாலத்தில் திணறாமல் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி ஆளோடு வந்தான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "இதுக்குத்தான் சொல்லுதேன், உனக்கு எதுக்குக்கா காரு?" என்று சிரித்தான்.

"பூ வச்சதும் நாந்தான், கண்டுபிடிச்சதும் நாந்தான்லே. விக்கல."

வந்தவருக்குக் காப்பி கொடுத்தேன். குடித்து முடித்ததும் அவர்கள் வாசலில் நிற்க, காரை வெளியே எடுத்தேன்.

"எங்கக்கா போற?" என்றான் தம்பி.

சொல்லவில்லை.