கண்ணாடி மேல் மறந்துபோன கார்டு

ஜெராக்ஸ் தொழிலில் நேராக விழுந்த காப்பி வாடிக்கையாளரோடு போய்விடும். கோணலாக விழுந்ததும் மறந்துவிட்டுப் போனதும் நம் தலையில்தான் விழும். கடை வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

மூடிக்கு அடியில்

பக்கத்துத் தெருவில் பட்டு நூல் சுற்றும் செல்வி, மகள் காவ்யாவின் பள்ளியில் கேட்டார்களென்று மகளுடைய ஆதார் காப்பி எடுக்கக் காலையில் வந்தாள். முதல் காப்பி கோணலாக விழுந்தது. இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன். அவள் போனதும் மூடியைத் திறந்தால் ஒரிஜினல் கார்டு கண்ணாடி மேலேயே கிடக்கிறது. வாசலுக்கு ஓடிக் கூப்பிட்டேன். ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டே கத்தினாள்: "அங்கயே இருக்கட்டுங்க்கா, நாளைக்கு வாங்கிக்கிறேன்! கடை எங்க ஓடிடப் போவுது?"

ஜரிகைக்கு நடுவில்

சாயங்காலம் அந்தக் கார்டை டப்பாவில் வைக்கும்போதுதான் கோணல் காப்பி ஞாபகம் வந்தது. எங்கள் ஆரணியில் வீணான தாள் குப்பைக்குப் போகாது. எதிர்க்கடை ஏகாம்பரம் கட்டாக வாங்கிப்போய், ஜரிகை உரசாமல் இருக்கப் பட்டுப்புடவை மடிப்புக்குள் வைப்பார். மத்தியானமே அதுவும் சேர்ந்து கட்டோடு போயிருந்தது.

குழந்தைகளின் ஆதார் நம்பரை வைத்து எவனெவனோ சிம் வாங்குகிறான், கணக்குத் திறக்கிறான் என்று டிவியில் பார்த்திருக்கிறேன். ஓடினேன். ஏகாம்பரம் முனகிக்கொண்டே ஒவ்வொரு புடவையாகப் பிரித்தார். வெளியூர் பார்சலுக்கு வைத்திருந்த அரக்குப் புடவைக்குள் காவ்யா பாதி முகத்தோடு இருந்தாள். எனக்கு உயிர் வந்தது. அவர் சொன்னார்: "கல்யாணப் பொண்ணுங்க கூட இத்தினி பொடவ பிரிக்கச் சொன்னதில்ல. ஒரு காயிதத்துக்குப் பேஜார் பண்ணிட்டியேம்மா!"

லைனில் இருந்த சார்

மறுநாள் செல்வி போனைக் காதில் வைத்துக்கொண்டே மூச்சு வாங்க வந்தாள். "அக்கா, கார்டைக் குடுங்க, ஜல்தி! காவ்யாவுக்கு உதவித்தொகை வந்துகீதாம். நம்பர் கேட்டுகினு சார் லைன்லயே இருக்காரு." மகள் பேர், பள்ளிக்கூடம் எல்லாம் அவன் சரியாகச் சொன்னானாம்.

கார்டை முந்தானையில் சுருட்டிக்கொண்டு போனை வாங்கினேன். "ஹெட்மாஸ்டர் பேர் என்னங்க சார்?" என்றேன். லைன் கட்டாகிவிட்டது.

செல்விக்கு அப்போதுதான் அவன் மோசடிக்காரன் என்று புரிந்தது. பேரும் பள்ளியும் எப்படித் தெரியும் என்று யோசித்தோம். காவ்யா பரிசு வாங்கிய படத்தைப் பேரோடு, பள்ளி பேரோடு பேஸ்புக்கில் போட்டதே செல்விதான். அங்கேயே அதை அழித்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "நல்ல வேளக்கா, நேத்து மறந்துட்டேன். நீங்க மட்டும் பொறுப்பா வீட்டாண்ட கொண்டாந்து குடுத்திருந்தா, நம்பர படிச்சிக் காட்டியிருப்பேன்!"

கிழித்த பிறகு

இப்போதெல்லாம் கோணல் காப்பியை வாடிக்கையாளர் கண்ணெதிரிலேயே கிழித்துவிடுகிறேன். ஏகாம்பரத்துக்குத்தான் வருத்தம். "இந்தத் துண்டுல பொடவைய மடிக்கிறதா, கடலைய மடிக்கிறதா?"

மறந்துவிட்டுப் போகிறவர்களைத் திட்டித் திட்டியே கடை நடத்திய நான், இப்போது மூடிக்கு அடியில் கார்டு கிடந்தால் முதலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அப்புறம்தான் திட்டுகிறேன்.